பின்னுக்கு எஞ்சின், முன்னுக்கு அரிசி

போன மாதம் பழைய கராஜ் பக்கம் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள் என்கிற நப்பாசைதான். உள்ளே நாலு பொடியன்கள் ஒரு மின்சாரக் காரைச் சுற்றி நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்தார்கள்.

"அங்கிள், ஓடி வாங்கோ! முன்னுக்குத் திறந்தா எஞ்சினே இல்லை, வெறும் டிக்கி. மோட்டர் பின்னுக்கு இருக்கு. வாட் அன் ஐடியா!" என்றான் ஒருவன்.

"நான் பிறக்க முதலே பிரெஞ்சுக்காரன் செய்து பார்த்துக் கை சுட்ட ஐடியா அது," என்றேன். நம்பவில்லை. கைபேசியைத் தட்டிப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். நாற்பது வருடம் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் சொன்னால் நம்பமாட்டார்கள், கைபேசி சொன்னால் நம்புவார்கள். "நீங்கள் இதையெல்லாம் எழுத வேணும் அங்கிள்," என்று மரியாதைக்கு ஒரு வார்த்தையும் சொன்னார்கள். மரியாதைக்குச் சொன்னதை நான் உண்மையாக எடுத்துக்கொண்டது அவர்களுடைய கெட்ட காலம்.

அந்தப் பிரெஞ்சுக் காரின் பெயர் டோபீன். பட்டத்து இளவரசனின் மனைவி என்று அர்த்தமாம். ஐம்பதுகளின் நடுவில் வந்தது. நாலு கதவு, மூன்று கியர், பின்பக்கத்தில் ஒரு சின்ன எஞ்சின். பார்க்க அழகு, அதை மறுக்கமாட்டேன். உலகமெல்லாம் விற்றார்கள். கொஞ்சக் காலம் லண்டனின் மேற்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் வைத்துப் பூட்டினார்கள். ஹோர்ன் மட்டும் இரண்டு: ஊருக்குள் அடிக்க மெல்லிய சத்தம், ஊரைத் தாண்டினால் பெரிய சத்தம். மேலதிக டயரை எடுக்க முன்பக்க நம்பர் பிளேட்டைக் கதவு மாதிரித் திறந்து உள்ளே இருந்து இழுக்க வேண்டும். இவ்வளவு யோசித்தவர்கள் இரண்டு விசயத்தை மட்டும் கடவுளிடம் விட்டுவிட்டார்கள். ஒன்று, பாரமெல்லாம் பின்னுக்கு இருப்பதால் பக்கக் காற்று அடித்தால் முன்பக்கம் தன் இஷ்டத்துக்குப் போகும். இரண்டு, தகடு மெல்லிசு. பனிக்காலத்தில் தெருவுக்கு உப்புப் போடும் நாடுகளில் இளவரசி சீக்கிரமே துருப்பிடித்துப் போனாள்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். எப்படி வந்தேன், எந்தெந்த நாட்டு விமான நிலையத்தில் படுத்தேன் என்பதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கதையும் அதுதான். வால்தம்ஸ்டோவில் ரயில் பாலத்தின் கீழே, செங்கல் வளைவுக்குள் ஒரு கராஜ் இருந்தது. நடத்தியவர் எங்களுடைய ஆள், பாலா அண்ணை. ரயில் போகும்போது கூரையிலிருந்து மண் கொட்டும். பெயின்ட் அடித்த கார்மேல் விழும். "மெற்றாலிக் பினிஷ் எண்டு சொல்லி விப்பம்," என்பார்.

அவரிடம் நான் இரண்டு வருடத்தில் கற்ற தொழிலை இரண்டு வரியில் சொல்லலாம். கதவுக்குக் கீழே காரின் நீளத்துக்கு ஒரு பெட்டித் தகடு ஓடும். சில் என்போம். கார் மடங்காமல் நிற்பது அதனால்தான். அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். அது முறையான வேலை. பாலா அண்ணையின் வேலை வேறு. பழைய பத்திரிகையைத் தாள் தாளாகக் கசக்கி ஓட்டைக்குள் திணிக்க வேண்டும். முழுப் பேப்பரை ஒரே அடியாகத் திணித்தால் பிறகு ஊதி வெளியே வரும். அதன்மேல் கோழிக்கூட்டுக் கம்பி வலை. வலையின் மேல் பள்ளம் நிரப்புகிற பில்லர் பசை. பசை இறுகுவதற்கு முன் கையை நனைத்து வடிவாகத் தடவ வேண்டும். காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து, கறுப்புத் தார்ப்பூச்சு அடித்துவிட்டால், காரைச் செய்தவனே வந்து பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பேப்பர் விசயத்தில் பாலா அண்ணைக்குக் கொள்கை இருந்தது. ஆங்கிலப் பேப்பரைத் தொடக்கூடாது. ஊரிலிருந்து பார்சல் சுற்றி வரும் தமிழ்ப் பேப்பர்தான்.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"பிடிபட்டாலும் வெள்ளைக்காரன் வாசிக்க ஏலாது பார். எந்த வருசம், எந்த ஊர் ஒண்டும் விளங்காது. சீனப் பேப்பர் எண்டு நினைப்பான்."

இன்னொரு கொள்கையும் உண்டு. சாமிப் படம் இருக்கும் பக்கத்தைச் சில்லுக்குள் வைக்கமாட்டார். தேர்த்திருவிழாப் படத்தைப் பக்குவமாகக் கிழித்தெடுத்து, கண்ணில் ஒற்றி, சட்டைப் பைக்குள் வைப்பார். மனிதர்களைக் கொல்லக்கூடிய வேலையைச் செய்யும்போதும் பாவம் சேர்க்கக்கூடாது அல்லவா? அதனால் எங்கள் கார்களுக்குள் போனதெல்லாம் மரண அறிவித்தல் பக்கங்கள். வட மாகாணத்தில் காலமானவர்கள் கிழக்கு லண்டனில் கார்களைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி நான் தனியாக, தொடக்கம் முதல் முடிவு வரை செய்த முதல் கார் ஒரு கிறீம் நிற டோபீன். யாரோ ஒரு வியாபாரி எங்கோ மாட்டுக் கொட்டிலுக்குள் இருந்து இழுத்து வந்தது. இடது பக்கச் சில் முழுவதும் இல்லை. இரண்டு நாள் வேலை. பாலா அண்ணை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்குக் கைராசி இருக்கடா," என்றார். பெருமையில் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கார் வருடாந்தச் சோதனைக்கு எந்தச் சோதனையாளரிடம் போனது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு பாலா அண்ணை கனடா போய்விட்டார். நான் கிங்ஸ்பரிக்கு வந்து மிஸ்டர் பெல் என்பவரின் கராஜில் சேர்ந்தேன்.

மிஸ்டர் பெல்லை நான் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அப்படி ஒரு மனிதரை இனிச் செய்யமாட்டார்கள். மெலிந்த, நெடிய ஆள். வேலை உடுப்புக்குள் கழுத்துப் பட்டி கட்டியிருப்பார். எம்.ஓ.டி. சோதனை, அதாவது கார் தெருவில் ஓடத் தகுதியானதா என்று வருடா வருடம் பார்க்கும் சோதனை, அவருக்குப் பூசை. முதலில் கை கழுவுவார். பிறகு லைட், ஹோர்ன், துடைப்பான், கண்ணாடி. பிறகு உருளைகளின் மேல் ஏற்றிப் பிரேக். கடைசியில் காரை உயர்த்திவிட்டு ஒரு சின்னச் சுத்தியலோடு கீழே போவார். ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. தட்டிவிட்டுக் கண்ணை மூடுவார். நல்ல தகடு கணீரென்று சொல்லும், பில்லர் பசை கட்டைச் சத்தம் போடும். நடுவில் யாராவது பேசினால் தொடக்கத்திலிருந்து மறுபடியும் தட்டுவார். ஒருதடவை எனக்குத் தும்மல் வந்தது. அதற்கும் மறுபடி தட்டினார்.

கோபம் வந்தால் அவர் சத்தம் போடமாட்டார், மெதுவாகப் பேசுவார். சேர்ந்த முதல் நாளே மிக மெதுவாக ஒன்று சொன்னார்: "காகிதம் இருக்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று மேசை, மற்றது கழிப்பறை. காருக்குள் காகிதம் திணித்தவன் எவனும் என் மேசையில் பேனா பிடிக்கக்கூடாது." நான் தலையை ஆட்டினேன். என் பெயர் குலேந்திரன் என்று சொன்னேன். "கே," என்று முதல் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பல வருடம் நான் கேதான்.

அவரிடம் படித்து, பரீட்சை எழுதி, சோதனையாளர் அனுமதி எடுத்தேன். ஊரில் அம்மாவின் கனவெல்லாம் நான் டொக்டராக வேண்டும் என்பது. கார்களுக்கு டொக்டர் என்று கடிதம் எழுதி ஏமாற்றினேன். அந்த அனுமதியை வைத்துத்தான் கல்யாணம் நடந்தது, இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். என் கையெழுத்து இல்லாமல் ஒரு கார் தெருவுக்குப் போக முடியாது என்றதும் எங்கள் சனம் என்னை 'எம்.ஓ.டி. தம்பி' ஆக்கிவிட்டது. அந்தப் பட்டத்தோடு கூடவே ஒரு எதிர்பார்ப்பும் வந்தது: எங்கட ஆள்தானே, பார்த்துச் செய்வான்.

இப்போது நாதன் அண்ணை வருகிறார். வட லண்டன் எட்மண்டனில் பெற்றோல் செட் வைத்திருந்தவர், கோயில் நிர்வாக சபையில் முக்கியஸ்தர், மைக் கிடைத்தால் விடாதவர். தொண்ணூறுகளின் நடுவில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மற்றவர்கள் வெள்ளை நிறத்தில் பெரிய வாடகைக் கார் பிடிப்பார்கள். நாதன் அண்ணை ஏலத்தில் ஒரு சிவப்பு டோபீன் வாங்கினார்.

காரணம் ஊரில் இருந்தது. அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய ஊரில் ஒரு பிரக்கிராசியாரிடம், அதாவது சட்டத்தரணியிடம், மட்டும் டோபீன் இருந்ததாம். இவர் போய் அதைத் தொட்டாராம். வீட்டு வேலையாள் காதைத் திருகித் துரத்தினானாம். பிரக்கிராசியார் போய்ச் சேர்ந்துவிட்டார், வேலையாளும் இல்லை, அந்த ஊரிலேயே பாதி இல்லை. இவர் மட்டும் முப்பத்தைந்து வருடம் கழித்து லண்டனில் பழி வாங்கப் புறப்பட்டுவிட்டார். மகள் துஷ்யந்திக்கு அந்தக் காரைக் கண்ணில் காட்டக்கூடாது. "அப்பா, இட்ஸ் அ பிஸ்கட் டின்," என்று என் முன்னாலேயே சொன்னாள். "அம்மா, இது டோபீன்," என்றார் அவர், மகளுக்குத் தீட்சை கொடுப்பவர் மாதிரி.

கோயிலில் காருக்குப் பூசை வைத்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். நாலு டயருக்கும் கீழே நாலு தேசிக்காய். தேங்காய் உடைத்தாயிற்று. ஐயர் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, "எஞ்சினுக்குக் கற்பூரம் காட்ட வேணும், திறவுங்கோ," என்றார். நாதன் அண்ணையும் வந்த சந்தோசத்தில் முன்பக்கத்தைத் திறந்துவிட்டார். உள்ளே எஞ்சின் இல்லை. ஒரு மூட்டைச் சம்பா அரிசி இருந்தது. லண்டனின் வட சுற்றுப் பாதையில் காற்று அடிக்கும்போது கார் பக்கத்து லொறியைப் போய்க் கும்பிடுகிறது என்று, முன்பாரத்துக்காக வைத்தது. ஐயர் அதைப் பார்த்தார், நாதன் அண்ணையைப் பார்த்தார், பிறகு மந்திரத்தை நிறுத்தாமல் அரிசிக்குத் தீபம் காட்டி முடித்தார். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். எஞ்சின் பின்னுக்கு இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

காரின் பழைய எம்.ஓ.டி. வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கல்யாணம் சனிக்கிழமை. நாதன் அண்ணை வியாழன் இரண்டு மணிக்குச் சோதனைக்கு எழுதியிருந்தார். புதன்கிழமை போன் வந்தது.

"தம்பி, வியாழன் ஒண்டரையிலை இருந்து மூண்டு வரை ராகு காலமெல்லோ?"

"அப்ப மூண்டு மணிக்கு வாங்கோ அண்ணை."

"அதுதான் கேக்கிறன். இஞ்சை கோடை காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். ராகுவுக்கு அது தெரியுமோ தெரியாது. நாங்கள் நாலேகாலுக்கு வாறம்."

மிஸ்டர் பெல் ஏன் நேரம் மாறுகிறது என்று கேட்டார். வானத்தில் ஒரு பாம்பு இருக்கிறது, அந்த நேரத்தில் அது விடாது என்றேன். அவர் டயரியில் 'நாலேகால். பாம்பு' என்று எழுதிக்கொண்டார்.

நாலேகாலுக்கு டோபீன் வந்தது. நாதன் அண்ணை கோட் சூட்டோடு இறங்கி, என்னைக் காரின் அந்தப் பக்கத்துக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை போட்டார்.

"தம்பி, நீர் எங்கட ஆள். நான் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எல்லாருக்கும் கார்ட்டிலை போட்டாச்சு, மணமகள் டோபீனிலை வாறா எண்டு. கார்ட்டிலை கார்ப் படமும் இருக்கு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதானே."

"காரைப் பாப்பம் அண்ணை," என்றேன்.

பார்த்தேன். லைட் எரிந்தது. ஹோர்ன் அடித்தது, இரண்டும் அடித்தது. "மெல்லிசு சம்பந்தி வீட்டுக்கு, பெரிசு மற்ற ஆக்களுக்கு," என்று நாதன் அண்ணை விளக்கம் சொன்னார். மிஸ்டர் பெல் முன்பக்கத்தைத் திறந்தார், அரிசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாரம் சமப்படுத்த, சேர். சனிக்கிழமைக்குப் பிறகு சாப்பிடுவார்கள்," என்றேன். பிரேக் நன்றாக இருந்தது. மனதுக்குள் நிம்மதி வந்தது. ஒரு கல்யாணத்தைக் குழப்ப யாருக்குத்தான் ஆசை?

இந்தக் கட்டத்தில் நீங்கள் கேட்பீர்கள், பழைய கிறீம் நிற டோபீன் ஞாபகம் வரவில்லையா என்று. வந்தது. ஆனால் இது சிவப்பு, நம்பரும் வேறு. இந்த நாட்டில் பழைய நம்பர் பிளேட்டைக் கழற்றித் தனியாக விற்பார்கள், கார் வேறு நம்பரில் ஓடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப்பற்றி நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

காரை உயர்த்தி, சுத்தியலோடு கீழே போனேன். மிஸ்டர் பெல் பின்னால் கைகட்டி நின்றார். வலது பக்கம் கணீர், கணீர், கணீர். இடது பக்கம் தொடங்கினேன். முதல் தட்டு கணீர். இரண்டாவது தட்டு கட்டைச் சத்தம். மூன்றாவதும் அப்படியே. மிஸ்டர் பெல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறக்காமலே, "இன்னொரு தடவை," என்றார். விரலால் அழுத்தினேன். கறுப்புப் பூச்சு ஒரு பெரிய தோசை அளவுக்குக் கழன்று என் முகத்தில் விழுந்தது. பின்னாலேயே துருத்தூள், ஒரு துண்டுக் கோழிக்கூட்டு வலை, அப்புறம் கசங்கிய காகிதம். அந்த இடம் பின் இருக்கையில் மணப்பெண் உட்காருவதற்கு நேர் கீழே.

நாதன் அண்ணை ஓடிவந்து காகிதத்தைப் பொறுக்கி விரித்தார். "எங்கட பேப்பர்! தமிழ்ப் பேப்பர்! அட, எங்கட நாய் ஒண்டுதான் இந்த வேலை பாத்திருக்கு!" கராஜ் அதிரக் கத்தினார். "என்ரை பிள்ளை ஏறிப் போற காரிலை பேப்பரை அடைஞ்சு வைச்சிருக்கிறான். இவன்ரை கையை முறிக்க வேணும். என்ன தம்பி?"

"ஓம் அண்ணை, முறிக்கத்தான் வேணும்," என்றேன். இன்னும் இரண்டு வசவு நானும் சேர்த்துக்கொடுத்தேன். சத்தமாகவே கொடுத்தேன். வலை வெட்டியிருந்த விதத்தைப் பார்த்தபோதே எனக்கு யார் வேலை என்று தெரிந்துவிட்டது. பாலா அண்ணையின் கத்தரிக்கோலில் ஒரு பல் உடைந்திருந்தது. வெட்டுகிற இடமெல்லாம் ஒரு கொக்கி விழும்.

இதற்குள் நாதன் அண்ணை கோபத்தை மறந்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். எங்கள் ஆட்களின் கையில் மரண அறிவித்தல் கிடைத்தால் வீடு பற்றி எரிந்தாலும் வாசித்து முடித்துவிட்டுத்தான் தண்ணீர் அள்ளுவார்கள். "இளைப்பாறிய ஆசிரியர்... அன்னாரின் ஈமக் கிரியைகள்... அட கடவுளே, இந்த மனிசன் எனக்குக் கணக்குப் படிப்பிச்சது. செத்துப்போச்சோ! எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." கண் கலங்கிவிட்டது. அவருக்கு அந்த ஆசிரியர் அன்றைக்குத்தான் செத்தார்.

மிஸ்டர் பெல் கையை நீட்டினார். நாதன் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரைக் கொடுத்தார். வெள்ளைக்காரன் வாசிக்க ஏலாது என்று பாலா அண்ணை சொன்னது முழுக்கச் சரி. மிஸ்டர் பெல் ஒரு எழுத்தும் வாசிக்கவில்லை. ஓரத்து வெள்ளை இடத்தைத்தான் பார்த்தார்.

பாலத்தின் கீழே வேலை செய்த நாட்களில் ஒரு அரசாங்க ஒபிஸில் நான் தமிழில் கையெழுத்து வைத்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்கிறது என்று அங்கிருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். "இங்கிலீசிலை வடிவா ஒண்டு பழகடா," என்றார் பாலா அண்ணை. தேத்தண்ணி நேரத்தில் பேப்பர் ஓரங்களில் எழுதிப் பழகினேன். முதல் எழுத்தைப் பெரிதாக வளைத்து, கடைசி எழுத்தின் வாலைத் திருப்பிக் கொண்டுவந்து முழுப் பெயருக்கும் கீழே ஒரு கோடு. அந்தப் பக்கத்தில் பதினாலு தடவை இருந்தது. அதே வளைவு, அதே வால். அந்தக் கையெழுத்தைத்தான் ஒவ்வொரு நாளும் மிஸ்டர் பெல்லின் மேசையில் சான்றிதழ்களில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கே, உள்ளே வா," என்றார். மிக மெதுவாகச் சொன்னார்.

ஒபிஸ் கதவைச் சாத்தினார். 'தகுதியில்லை' படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "நிரப்பு." நிரப்பினேன். இடது பக்கச் சில், கடும் துரு, முறையற்ற திருத்தம். "கையெழுத்து." போட்டேன். பேப்பரை அதன் பக்கத்தில் வைத்து விரலால் மடிப்பை நீவிவிட்டார். இரண்டையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு ஓரத்திலிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"கு-லேந்-தி-ரன்."

ஒரு பிழை இல்லாமல் சொன்னார். அந்த மனிதர் வாயிலிருந்து என் முழுப் பெயரை முதல்முதலாகக் கேட்ட நேரம் அதுதான், கேட்க வேண்டாம் என்றிருந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயம்.

"எத்தனை வருடம்?"

"ஒன்பது இருக்கும், சேர்."

"ஒன்பது வருடம் தாங்கியிருக்கிறது. கெட்டிக்காரத்தனமான வேலை. அதுதான் இன்னும் கேவலம்." கதவைக் காட்டினார். "வெளியே நிற்கிற ஆளிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னால் அதற்குப் பிறகு நீ இங்கே வரத் தேவையில்லை."

நானே போனேன். அந்தப் பத்தடி தூரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். கோயில் நிர்வாக சபை, மைக், இன்றிரவே லண்டன் முழுக்கத் தெரிந்துவிடும், பிள்ளைகளை யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடமாட்டார்கள்.

"அண்ணை, கார் பெயில். அதோடை இன்னொண்டு. அந்தப் பேப்பரை அடைஞ்சது நான்தான். வந்த புதுசிலை, ஒன்பது வருசத்துக்கு முன்னாலை, வால்தம்ஸ்டோவிலை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

நாதன் அண்ணை என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் ஏறுவதற்குக் காத்திருந்தேன். ஏறவில்லை. மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது.

"நீரோ? கடவுளே, வயித்திலை பாலை வார்த்தீர்! ஆர் எவர் எண்டு தெரியாத ஆள் எண்டு பயந்துபோனன். அப்ப நீரே திருப்பி அடைஞ்சு விடும். ஒன்பது வருசம் தாங்கினது, சனிக்கிழமை ஒரு நாள் தாங்காதோ?" ரகசியக் குரலில், "பேப்பர் என்னட்டை காரிலை கிடக்கு," என்றும் சேர்த்தார்.

என் வாழ்க்கையில் ஒருவரை அடிக்கக் கை துறுதுறுத்தது அப்போதுதான். அவரை அடிப்பதா, என்னை அடிப்பதா என்பதில்தான் குழப்பம்.

"ஏலாது அண்ணை. உங்கடை பிள்ளை அதுக்கு மேலைதான் இருக்கப்போறா."

"ஒரு நாள்தானே தம்பி!"

"ஒரு நிமிசத்துக்கும் ஏலாது."

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. துரோகி என்றார், எங்கட சனத்துக்கு எங்கட சனமே எதிரி என்றார். பேப்பரை அடைத்ததற்கு இல்லை. மறுபடி அடைக்க மறுத்ததற்கு.

துஷ்யந்தி சனிக்கிழமை சித்தப்பாவின் ஜப்பான் காரில் நிம்மதியாக மண்டபத்துக்கு வந்தாள். டோபீனை ஒரு இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்கி, மாலை போட்டு, மணமக்களை அதற்கு முன்னால் நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அல்பத்தைப் பார்ப்பவர்கள் அவள் அதில்தான் வந்தாள் என்று நம்புவார்கள். படத்தில் அவள் முகம் மட்டும் நம்பவில்லை.

ஆறு ஞாயிற்றுக்கிழமை மிஸ்டர் பெல் கராஜைத் திறந்துவிட்டார். சம்பளம் இல்லை. டோபீனின் இடது பக்கச் சில்லை முழுதாக வெட்டி எடுத்து, புதுத் தகடு மடித்து, ஒட்டினேன். அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தார். முதல் மூன்று ஞாயிறு நான் ஒட்டியதை அறுக்கச் சொன்னார். கடைசியில் தானே கை கழுவி, தானே தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, தானே கையெழுத்துப் போட்டார். ஒரு வருடத்துக்கு எங்கள் ஆட்கள் எவரும் என்னிடம் சோதனைக்கு வரவில்லை. சொந்தக்காரனைப் பெயில் பண்ணுகிறவன் என்று பெயர். பிறகு பிள்ளைகளுக்குக் கார் வாங்கும்போது மட்டும் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வந்தவர் நாதன் அண்ணை. மகளுக்கு என்று ஒரு சின்னக் கார் கொண்டுவந்து, "நல்லாத் தட்டிப் பாரும் தம்பி," என்றார்.

அந்தப் பேப்பரை மிஸ்டர் பெல் கண்ணாடிச் சட்டம் போட்டு, சான்றிதழ் எழுதும் மேசைக்கு நேர் மேலே மாட்டினார். மறுபடியும் என்னைக் கே என்றே கூப்பிட்டார். அவர் செத்து, கராஜ் கைமாறி, சான்றிதழ் கணினியில் வந்து கையெழுத்தே தேவையில்லை என்றான பிறகும் அது அங்கேதான் தொங்கியது. பொடியன்கள் கேட்டால், "என்ரை சொந்தக்காரர் ஒருத்தற்றை மரண அறிவித்தல்," என்று சொல்லிவைத்திருந்தேன். பாவங்கள், அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்தார்கள்.

ஓய்வு பெற்ற அன்று அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஓரத்தில் பதினாலு தடவை எழுதியவன் எப்போதோ செத்துவிட்டான் என்று இந்த இடத்தில் எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நேற்று ஓய்வூதியப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதற்கும் ஒருக்கால் பார்ப்போம் என்று அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே வளைவு, அதே வால். பாழாய்ப்போனது கொஞ்சம்கூட மாறவில்லை.